ஓர் அரக்குத் தட்டு பிறந்த கதை

உடைந்த இசைத்தட்டின் சில்லை விளக்குச் சுடரில் காட்டினால் முதலில் வளையும், பிறகு பொங்கும், அதற்குப் பிறகு தோட்டத்து ஆபீஸ் வாடை வரும். எட்டு வயதில் நானே கண்டுபிடித்த உண்மை இது.

எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்துக்கு எதிர்வரிசையில் பழைய கங்காணி வீடு இருந்தது. அங்கே ஒரு கிராமபோன் பெட்டி. ஸ்பிரிங் அறுந்து பாட்டு நின்று பல வருஷமாகியிருந்தது. தட்டுகள் மட்டும் ஒரு தகர டிரங்குக்குள் அடுக்கியபடி கிடந்தன. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், பாகவதர். யாரும் இல்லாத மத்தியானத்தில் ஒன்றை எடுத்துப் பார்க்கப்போய் கீழே போட்டேன். மூன்று துண்டு. பயத்தில் ஒரு சில்லைக் கால்சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு வந்து, இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் காட்டினேன். ரிஜிஸ்டர் தபாலில் ஆபீஸ் கிராணி சிவப்பாக உருக்கி ஊற்றி முத்திரை குத்துவாரே, அதே வாடை.

“தாத்தா, இது அரக்கு!”

பால்வெட்டிவிட்டு வந்து காலில் கடித்த அட்டைக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்த தாத்தா நிமிர்ந்து பார்க்கவில்லை. “அரக்குதாய்யா. அரக்கில்லாம அப்பறம் என்ன?”

அவருக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது. எனக்கு அது அதிசயமாகவே தங்கிவிட்டது. பாண்டவர்களை உள்ளே வைத்துக் கொளுத்துவதற்காக துரியோதனன் கட்டினானே அரக்கு மாளிகை, அந்த அரக்குக்குள் கிட்டப்பாவின் குரல் எப்படிப் போய் உட்கார்ந்தது?

அந்தக் கேள்விக்குப் பதில் தேட என்னை உட்காரவைத்தது வேறொரு தட்டு. சில வருஷங்களுக்கு முன், பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில், ஈயக் குவளைகளுக்கும் துருப்பிடித்த உளிகளுக்கும் நடுவில் கிடந்தது. கொலம்பியா கம்பெனியின் இரட்டைச் சுர முத்திரை. இந்தியாவில் செய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பாட்டின் பெயர் ‘பேசின் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’. வாத்தியக் குழுவின் தலைவர் டெடி வெதர்ஃபோர்ட். அமெரிக்கக் கறுப்பினத்து ஜாஸ் மேதை ஒருவர் இந்தியத் தட்டில் எப்படி வந்தார் என்று புரியாமலே பத்து வெள்ளி கொடுத்து வாங்கி, செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கெடாவில் என் ஊரான மெர்போக் வரை பஸ்ஸில் வந்தேன்.

மெர்போக் என்பது மலாய் மொழியில் ஒரு பறவையின் பெயர். உடம்பில் வரிவரியாக உள்ள சின்னப் புறா. மலாய்க்கார வீடுகளில் அதைக் கூண்டில் வளர்த்து, உயரமான கம்பத்தில் ஏற்றிப் பாடவிடுவார்கள். அதன் குரலுக்குப் போட்டிகள்கூட உண்டு. பாடும் உயிரின் பெயர்கொண்ட ஊரில் உட்கார்ந்து, குரலை ஒரு பொருளுக்குள் அடைத்துவைத்த மனிதர்களைப் பற்றி எழுதுவது எனக்கு உரிமையான வேலை என்றே படுகிறது. கடல்வழி வந்து இறங்கும் பொருளும் இந்த ஊருக்குப் புதிதில்லை. ராஜேந்திர சோழன் 1025-இல் படையெடுத்த கடாரத்தின் எச்சங்கள் என்று நாம் சொல்லும் பூஜாங் பள்ளத்தாக்கின் கற்கோயில்கள் இங்கேதான், ஜெராய் மலையடிவாரத்தில் இருக்கின்றன.

தட்டின் கதை ரப்பரில் தொடங்குகிறது. எனக்கே அதை முதலில் படித்தபோது கை நடுங்கியது.

எமில் பெர்லினர் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். எடிசனின் உருளைக்குப் பதிலாகத் தட்டையான தட்டில் ஒலியைப் பதியும் முறைக்கு 1887-இல் காப்புரிமை கேட்டவர். உருளையில் ஒரு பெரிய குறை இருந்தது. தொடக்க காலத்தில் ஒன்றைப் பார்த்து இன்னொன்றை அச்சடிக்க வழியில்லை. ஆயிரம் உருளை விற்கவேண்டுமானால் பாடகர் ஏறக்குறைய அத்தனை முறை பாடியாகவேண்டும். அப்படிப் பாடியே பேர் வாங்கியவர் ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன். வர்ஜீனியாவில் அடிமைக் காலத்தில் பிறந்தவர். நியூயார்க் தெருக்களில் விசிலடித்துப் பிழைத்தவர். 1890 வாக்கில் ஒலிப்பதிவுக்கு வந்த முதல் கறுப்பினக் கலைஞர். ஒரே சிரிப்புப் பாட்டை நாள் முழுக்க, வரிசையாக வைத்த குழாய்களின் முன் நின்று, திரும்பத் திரும்பச் சிரித்துப் பாடினார். தன் இனத்தையே கேலிசெய்யும் பாட்டுகளைப் பாடத்தான் அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அமெரிக்கக் கறுப்பு இசை பதிவான சரித்திரத்தின் முதல் ஏடு அது.

பெர்லினரின் தட்டு இந்தத் துன்பத்தை ஒழித்தது. ஒருமுறை பாடினால் போதும். அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, எத்தனை வேண்டுமானாலும் அழுத்திக்கொள்ளலாம். எதில் அழுத்துவது? 1894-இல் அவர் வாஷிங்டனில் விற்பனைக்கு விட்ட ஏழு அங்குலத் தட்டுகள் கெட்டி ரப்பரால் ஆனவை. ரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூடாக்கினால் கொம்பு மாதிரி இறுகும். பேனா செய்வார்கள், சீப்பு செய்வார்கள். அதில்தான் முதல் தட்டுகளும் வந்தன.

ஆனால் ரப்பர் சொன்னபடி கேட்கவில்லை. அச்சின் நுணுக்கமான வரிகள் எல்லா இடத்திலும் சமமாக விழவில்லை. சில இடங்கள் வழுக்கையாய்ப் போயின. ஊசி அங்கே வந்ததும் வழுக்கியது. வேறு பொருள் தேடிய பெர்லினர், அரக்கைக் கலந்து பொத்தான்கள் அச்சடிக்கும் ஒரு நியூஜெர்சி கம்பெனியிடம் போனார். பொத்தான் மாவில் அவர் அச்சு அப்பழுக்கில்லாமல் பதிந்தது. சட்டைப் பொத்தானின் உறவில் பிறந்ததுதான் நாம் ‘ரிக்கார்டு’ என்று சொல்லும் கறுப்புத் தட்டு. 1890களின் பின்பகுதியிலிருந்து அடுத்த அரை நூற்றாண்டுக்கு உலகத்துப் பாட்டெல்லாம் அரக்கில்தான்.

இந்தக் கணக்கைப் பாருங்கள். பெர்லினர் பயன்படுத்திய ரப்பர் காட்டு ரப்பர். அப்போது மலாயாவில் விற்பனைக்கு ரப்பர் கிடையாது. மலாக்காவில் டான் சாய் யான் முதல் வணிகத் தோட்டம் போட்டபோது 1890களின் நடுப்பகுதி. கெடாவில் காடழித்து, தமிழ்நாட்டுச் சனங்களைக் கப்பலில் இறக்கி, மங்கு கட்டிப் பாலெடுக்கத் தொடங்கியது அதற்கும் வெகு பிறகு. அதற்குள் தட்டு அரக்குக்கு மாறிவிட்டது. எங்கள் பால் தட்டுக்குள் போகவில்லை. பெட்டிக்குள் போனது. கிராமபோனின் ஒலிப்பெட்டியைத் திறந்தால், நடுங்கும் மைக்காத் தகட்டை இருபுறமும் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் தெரியும். பழையதாகி அது விறைத்துவிட்டால் பாட்டு கரகரக்கும். அந்த வளையம் இல்லாமல் சுந்தராம்பாளும் இல்லை, வெதர்ஃபோர்டும் இல்லை.

அரக்கு எங்கிருந்து வருகிறது? ஜார்க்கண்ட், மேற்கு வங்காள எல்லையில் சோட்டா நாக்பூர் பீடபூமி. பலாசு, இலந்தை, குசும் மரங்களின் இளங்கிளைகளில் கடுகைவிடச் சின்னப் பூச்சிகள் கூட்டங்கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். உடம்பிலிருந்து பிசினைக் கசியவிட்டுத் தமக்கு மேலேயே கூரை போட்டுக்கொள்ளும். பெண் பூச்சி அந்தக் கூரைக்குள்ளேயே வாழ்ந்து, முட்டையிட்டு, செத்துப்போகும். வடமொழியில் அரக்கையும் நூறாயிரத்தையும் ஒரே மாதிரியான சொல்லால் குறிப்பார்கள். கிளையில் மொய்த்திருக்கும் பூச்சியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே தோன்றும்.

முண்டா, சந்தால், ஓராவோன் மக்கள் அந்தக் கிளைகளை வெட்டிச் சுரண்டி எடுத்தார்கள். சுரண்டியதை இடித்து, கழுவி, சிவப்புச் சாயத்தைப் போக்கி, பல முழ நீளமுள்ள துணிப்பையில் திணித்துக் கரியடுப்பின் முன் பிடிப்பார்கள். ஒருவர் பையின் நுனியை முறுக்க, இன்னொருவர் உருகி வழிவதை வழித்தெடுப்பார். அது சூடு ஆறுமுன் ஒருவர் தூக்கிப் பிடித்து, இரண்டு கையாலும், இரண்டு கால் விரலாலும், பல்லாலும் இழுத்து விரிப்பார். மெல்லிய, தேன் நிறத் தகடு. அது உடைந்து செதிலாகி மூட்டையில் ஏறும். புருலியா பக்கத்துப் பல்ராம்பூர், ஜால்தா, உத்தரப்பிரதேசத்து மிர்சாபூர் எல்லாம் அந்தத் தொழிலில் பேர்போன ஊர்கள். உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தே போனது. ராஞ்சி பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1920களிலேயே அரக்குக்கென்று தனி ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள்.

பல்லால் இழுத்தார்கள் என்ற இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடிய எங்கள் பாட்டிமார்கள் நினைவுக்கு வந்தார்கள். ஒரு மரத்தின் பட்டையைக் கீறி எடுத்த பால்; இன்னொரு மரத்தின் கிளையைச் சுரண்டி எடுத்த பிசின். இரண்டும் எங்கோ கப்பலேறி, பளபளப்பான சாமானாகி, எடுத்தவர் வாங்கமுடியாத விலைக்குத் திரும்பி வந்தன.

அரக்கு மட்டும் தட்டாகிவிடாது. மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் அரக்கு. மீதி கல்பொடி, பஞ்சுத் தூசி, நிறத்துக்குக் கரி. கல்பொடி சும்மா சேர்க்கவில்லை. எஃகு ஊசி முதல் சில சுற்றில் கல்பொடியில் தேய்ந்து வரியின் வடிவத்துக்கு வரவேண்டும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்ற கட்டுப்பாடு. இந்த மாவைச் சூடான மேசையில் வைத்து கொழுக்கட்டை மாவு போல் இளக்கி, உருண்டையாக்கி, மேலும் கீழும் உலோக அச்சு வைத்து எந்திரத்தில் அழுத்துவார்கள். நீராவி விட்டுச் சூடாக்கி, உடனே தண்ணீர் விட்டுக் குளிர்விப்பார்கள். ஒரு நிமிஷத்துக்குள் தட்டு. ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கினால் உறையில் போட்டுவிடலாம்.

அரக்கு விளையும் ஊருக்குப் பக்கத்திலேயே தட்டுச் செய்தால் என்ன என்று கிராமபோன் கம்பெனிக்குத் தோன்றக் கொஞ்ச காலம் பிடித்தது. 1902-இல் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தா வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தபோது, அச்சடிப்பு ஜெர்மனியின் ஹனோவரில் நடந்தது. அரக்கு இங்கிருந்து அங்கே போய், பாட்டோடு இங்கே திரும்பி வந்தது. 1908-இல் சியால்தாவில் தொழிற்சாலை; 1920களின் இறுதியில் அது டம்டம்முக்கு மாறிப் பெரிதானது. எங்கள் கங்காணி வீட்டு டிரங்குப் பெட்டித் தட்டுகளில் பாதிக்கு மேல் டம்டம் சரக்குதான். மலாய்ப் பாட்டுத் தட்டுகளும் அங்கே அச்சாகிப் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கின. தமிழ், மலாய், வங்காளி, பர்மியம் என்று எல்லா மொழியும் ஒரே மாவு, ஒரே எந்திரம், ஒரே கைகள்.

அந்தக் கைகளுக்கு வந்து சேர்ந்தவர்தான் வெதர்ஃபோர்ட்.

அமெரிக்காவில் ஜாஸ் பதிவானதே தாறுமாறான கதை. ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்ற கறுப்பின வாத்தியத் தலைவருடன் விக்டர் கம்பெனி 1913-இல் ஒப்பந்தம் போட்டது. அதற்குமுன் எந்தக் கறுப்பினக் குழுத் தலைவருக்கும் பெரிய கம்பெனி அப்படிக் கைநீட்டியதில்லை. ஆனால் ‘ஜாஸ்’ என்ற பெயரோடு 1917-இல் வந்த முதல் தட்டு ஒரு வெள்ளையர் குழுவுடையது. ஜாஸைப் பெற்ற நியூ ஆர்லியன்ஸ் கறுப்பினக் கலைஞர்கள் பலருக்குப் பதிவறையின் கதவு 1922, 1923-இல்தான் திறந்தது. கிங் ஆலிவரின் குழு 1923 ஏப்ரலில் இந்தியானா மாநிலத்து ரிச்மண்டில் பதிந்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்துக் கட்டடம். ரயில் போகும்போதெல்லாம் வாசிப்பை நிறுத்தவேண்டும். இளைஞரான லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் ஓசை மற்றவர்களை விழுங்கிவிடுகிறதென்று அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அதே வருஷம், அதே அறையில், ஜெல்லி ரோல் மார்ட்டன் பியானோ வாசித்துத் தன் சொந்தப் படைப்புகளைப் பதிந்தார். எழுதிவைக்கமுடியாத வளைவும் நெளிவும் கொண்ட சங்கீதம் அது. தட்டு இல்லாவிட்டால் நமக்குப் பெயர்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

டெடி வெதர்ஃபோர்ட் 1903 அக்டோபர் 11-இல் வர்ஜீனியாவின் பொகாஹான்டஸ் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். விடலைப் பருவத்தில் நியூ ஆர்லியன்ஸ் போய் பியானோ கற்றார். பிறகு சிகாகோ. வெண்டோம் தியேட்டரில் ஊமைப் படங்களுக்கு வாசித்த எர்ஸ்கின் டேட்டின் குழுவில் அவர் பியானோ, ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட். 1926 மே மாதம் அந்தக் குழு பதிந்த இரண்டு பாட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. இருபத்திரண்டு வயதுப் பையனின் இடது கை பியானோவில் ரயில் ஓட்டுவதைக் கேட்கலாம். சிகாகோவில் இருந்திருந்தால் எர்ல் ஹைன்ஸுக்கு இணையாகப் பேசப்பட்டிருப்பார் என்பது ஜாஸ் அறிந்தவர்கள் சொல்வது. எனக்கும் அதில் சந்தேகமில்லை.

அவர் இருக்கவில்லை. அதே 1926-இல் ஜாக் கார்ட்டரின் குழுவோடு கப்பலேறி ஆசியாவுக்கு வந்தார். பிறந்த நாட்டில் மேடையில் கைதட்டுவார்கள், மேடையை விட்டிறங்கினால் முன்வாசலை மூடுவார்கள். ஷாங்காயில் வெதர்ஃபோர்ட் ராஜா. ஒரே இரவில் நாலு கேளிக்கை விடுதிகளில் வாசிப்பார்; ஒன்றில் முடித்து வண்டியேறி அடுத்ததற்கு ஓடுவார் என்று அவரே 1934-இல் அமெரிக்காவிலிருந்து அழைத்துவந்த டிரம்பெட் கலைஞர் பக் கிளேட்டன் சொல்லியிருக்கிறார். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் ஷாங்காய் வந்தபோது அவரைச் சந்தித்துத் தன் பயண நூலில் எழுதினார். அதற்குப் பிறகு பம்பாய் தாஜ் மஹால் ஹோட்டல். 1937-இல் உலகக் கண்காட்சிக்காகப் பாரிஸ் போய், அங்கே ஸ்விங் என்ற பிரெஞ்சு முத்திரைக்குத் தனியாகப் பியானோ தட்டுகள் பதிந்தார். அவற்றில் ‘வெதர் பீட்டன் ப்ளூஸ்’ அவரே படைத்தது. வெயிலும் மழையும் அடித்து நைந்த மனிதன் என்று பொருள்படும் தலைப்புக்குள் தன் பெயரையும் ஒளித்துவைத்திருக்கிறார். கொழும்பில் கால்ஃபேஸ் ஹோட்டல். கடைசியாகக் கல்கத்தா சௌரங்கியில் கிராண்ட் ஹோட்டல்.

இனி இரண்டு கதையும் ஒன்றாகும் இடம்.

1941 டிசம்பர் 8. எங்கள் பக்கத்து ஊரான சுங்கை பட்டாணி விமானத் தளத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். ஜித்ரா விழுந்தது, குரூண் விழுந்தது. ஒரு வாரத்தில் கெடா கைமாறியது. தோட்டத்து வெள்ளைக்கார துரைமார்கள் தெற்கே ஓடினார்கள். மங்கு காய்ந்தது. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர், மே மாதத்துக்குள் பர்மா. மலாயா ரப்பர் நேசநாடுகளுக்கு நின்றுபோனது. வங்காள விரிகுடாவில் கப்பல் போவதே ஆபத்து. அரக்கும் போர்த்தளவாடங்களுக்கு வேண்டியிருந்தது. 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கு ஒதுக்கும் அரக்கை முந்தைய அளவில் 30 சதவீதமாகக் குறைத்தது. பழைய தட்டைக் கொடுத்தால் புதிய தட்டு என்று அங்கே கடைக்காரர்கள் கேட்கும் நிலைமை. போதாக்குறைக்கு, அந்த வருஷம் ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க வாத்தியக் கலைஞர் சங்கம் கம்பெனிகளுக்கு எதிராகப் பதிவு நிறுத்தம் அறிவித்தது. விக்டரும் கொலம்பியாவும் இறங்கிவர 1944 நவம்பர் ஆயிற்று. ஜாஸ் பிறந்த நாட்டில் ஜாஸ் பதிவு ஏறக்குறைய ஊமையாயிருந்த இரண்டு வருஷம்.

கல்கத்தாவுக்கு அரக்கு ஒரு ரயில் பயணத் தூரத்தில் இருந்தது. அமெரிக்கச் சங்கத்தின் நிறுத்தம் இங்கே எட்டவில்லை. அந்தப் போர் வருஷங்களில்தான் வெதர்ஃபோர்டின் குழு இந்திய கொலம்பியா முத்திரையில் பதிந்துகொண்டிருந்தது. அந்தக் குழுவைப் போன்ற ஒன்றை அன்றைய அமெரிக்காவில் ஒரே மேடையில் ஏற்றுவதே கஷ்டம். அமெரிக்கக் கறுப்பினத்தவர், ஆங்கிலோ-இந்தியர், கோவாக்காரர், ஜப்பானியருக்குத் தப்பி ரங்கூனை விட்டு வந்தவர்கள். கிளாரினெட் ரூபன் சாலமன், கிதார் செட்ரிக் வெஸ்ட் இருவரும் பர்மாவிலிருந்து வந்தவர்களே. பின்னாளில் ப்ளூஸ் பாடிப் பேர் வாங்கிய ஜிம்மி விதர்ஸ்பூன், வணிகக் கப்பலில் வேலை பார்த்தபடி கல்கத்தாவில் இறங்கியபோது முதன்முதலாகப் பெரிய குழுவோடு பாடியது வெதர்ஃபோர்டின் மேடையில்தான்.

கேட்டவர்கள் யார்? கிராண்ட் ஹோட்டலில் அதிகாரிகளும் பட்டாளத்தாரும். வானொலி வழியாக, வெகு தூரத்தில் அஸ்ஸாம் காட்டிலும் கேட்டார்கள். அங்கே லெடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்கு ரோடு போட்டுக்கொண்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலானவர்கள் கறுப்பினத்தவர்கள். சேறு, மலேரியா, மலைச்சரிவு. சண்டைக்கு வேண்டாம், மண்வெட்ட வா என்று அனுப்பப்பட்டவர்கள்.

அதே மாதங்களில், அதே பர்மாவின் இன்னொரு ஓரத்தில், எங்கள் ஆட்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஜப்பானியர்கள் ஏற்றிப்போனார்கள். படம் காட்டுவதாகச் சொல்லி வரவழைத்து லாரியில் ஏற்றிய கதை எங்கள் வட்டாரத்தில் இன்றும் உண்டு. தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர். ‘சயாமுக்குப் போனாரு’ என்பதோடு தாத்தா நிறுத்திவிடுவார். அந்தச் சொல்லில் வினை முடிந்துவிடும். ஒரு நாட்டின் இரண்டு முனையில், இரண்டு எஜமானர்களுக்காக, அடிமைகளின் பேரன்களும் கூலிகளின் பேரன்களும் காடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு நகரத்தில் ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். அந்த இசை ஒரு பக்கத்துக்கு எட்டியது. இன்னொரு பக்கத்துக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் புரிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். ப்ளூஸ் என்பது ஒப்பாரிக்கு அடுத்த வீடு; ஒப்பாரியை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நகரமும் சுகமாக இல்லை. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் குண்டு விழுந்தது. 1943-இல் வங்காளப் பஞ்சம். கிராண்ட் ஹோட்டலுக்கு வெளியே, சௌரங்கியின் நடைபாதையில், கஞ்சித் தண்ணீர் கேட்டு வந்தவர்கள் அங்கேயே செத்தார்கள். தட்டில் அது கேட்காது. ஆனால் அந்தத் தெருவைக் கடந்துதான் கலைஞர்கள் பதிவுக்குப் போனார்கள் என்பதை, தட்டைப் போடும் ஒவ்வொரு முறையும் நான் நினைத்துக்கொள்கிறேன். பஞ்சத்தின் பின்னாலேயே நோய்கள் வந்தன. 1945 ஏப்ரல் 25-இல் வெதர்ஃபோர்ட் காலராவில் இறந்தார். நாற்பத்தோரு வயது. ஐரோப்பாவில் போர் முடிய இரண்டு வாரம்கூட இல்லை. நிரந்தரமாக ஊர் திரும்பவே இல்லை.

அமெரிக்க ஜாஸ் வரலாற்று நூல்கள் பலவற்றில் அவருக்கு ஓர் அடிக்குறிப்புக்கு மேல் இடமில்லை. பதிவு அங்கே நடக்கவில்லை, தட்டு அங்கே விற்கவில்லை, ஆகவே ஆள் இல்லை. இது எனக்குப் பழக்கமான அநியாயம். தோட்டத்து ஜனங்களின் பாட்டு, கூத்து, தப்பு அடித்தவர்களின் தாளம் எதையும் யாரும் அரக்கில் பதியவில்லை. வெதர்ஃபோர்டுக்காவது டம்டம் இருந்தது.

சந்தையில் வாங்கிய தட்டை முதலில் போட்டபோது என் வீட்டில் யாரும் இல்லை. கிராமபோனைப் பழுதுபார்த்துக் கொடுத்தவர் ஒலிப்பெட்டியின் ரப்பர் வளையத்தையும் புதிதாக மாற்றியிருந்தார். முதலில் கல்பொடியின் இரைச்சல். சட்டியில் கடுகு பொரிவது மாதிரி. அதற்குள்ளிருந்து பித்தளை வாத்தியங்கள் மெல்ல எழுந்தன. நியூ ஆர்லியன்ஸின் ஒரு தெருவைப் பற்றிய பாட்டு. அந்த ஊரில் பையனாகப் பியானோ கற்ற மனிதர், நாற்பதை எட்டும் வயதில், உலகத்தின் மறுபக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தெருவை நினைத்து வாசிக்கிறார். பியானோ முன்னுக்கு வரும் இடத்தில் அவசரமே இல்லை. ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு, அது எங்கே போகிறதென்று பார்த்திருந்துவிட்டு, அடுத்ததைத் தட்டுகிறார். தாத்தா ஊர்க்கதை சொல்லும்போது இப்படித்தான் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். மூன்று நிமிஷத்தில் ஊசி உள்வரிக்கு வந்துவிட்டது.

டம்டம்மில் அரக்குத் தட்டு உடனே சாகவில்லை. 1950களில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் வினைலுக்குப் போய்விட்டன. மின்சாரம் இல்லாத வீடுகளில் சாவி கொடுத்துப் பாட்டுக் கேட்ட நம் பக்கத்துக்கு 78 சுற்றுத் தட்டுகள் தொடர்ந்து வந்தன. பீட்டில்ஸின் பாட்டுகளைக்கூட 1960களில் இந்தியாவில் 78 சுற்றில் அச்சடித்தார்கள். இன்று அவற்றைத் தேடி வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். அதே வருஷங்களில்தான் நான் கங்காணி வீட்டுத் தட்டை உடைத்தது. ஏறக்குறைய அரக்குத் தட்டின் கடைசிக் காலத்துக் குழந்தை நான்.

மெர்போக்கின் ஈரத்தில் தட்டில் பூஞ்சை பிடிக்கும். ஆற்று முகத்திலிருந்து வரும் காற்று, ஜெராய் மலை இறக்கும் மழை, இரண்டும் சேர்ந்து ஒரு பருவத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும். அதனால் படுக்கப்போடாமல் நிறுத்திவைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வரியோட்டத்திலேயே சுற்றித் துடைத்து, நிழலில் காயவைக்கிறேன். என் பேத்திக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஸ்பிரிட் மட்டும் தொடக்கூடாது கண்ணு, அரக்கு கரைஞ்சிடும்.